லாரி கேபினுக்குக் காற்று வந்த கதை



இந்த முறை ஒரு லாரியின் காற்றாடியைப் பற்றி எழுதப் போகிறேன். புதுச்சேரி அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து கோப்பு கட்டியே தலை நரைத்தவனுக்கு லாரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கடைசியில் அந்தக் கோப்புப் பழக்கம்தான் காரியத்துக்கு உதவியது. கூடவே கொஞ்சம் சரித்திரமும் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர்ந்த காற்றை மனிதன் கண்டுபிடித்த நாளிலிருந்து, அது லாரி ஓட்டுகிறவர் முகத்தில் படுகிற வரை நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வந்த பிறகும் அது நின்று நின்று வந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தேன்.

வடுகபட்டி என் மனைவி பிறந்த ஊர். ஓய்வு பெற்றதும் இங்கே வந்து தங்கிவிட்டோம். இந்த ஊர்ப் பூண்டுச் சந்தை பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டு ஒரு பக்கம் வரும். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பக்கத்துப் பூண்டு இன்னொரு பக்கம் லாரி லாரியாக வரும். அங்கிருந்து இங்கே 1,800 கிலோமீட்டருக்கு மேல். அப்படிப் பூண்டு ஏற்றி வருகிற லாரி ஒன்றை ஓட்டுகிறவன் என் மனைவியின் அண்ணன் மகன். எனக்கு மருமகன் முறை.

போன கோடையில் ஒரு நாள் மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவன் முகமே சரியில்லை. காப்பியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"என்ன மாப்ள, ஒரு மாதிரியா இருக்க?"

"ஏசி ஃபேன் நின்னு நின்னு ஓடுது மாமா. நாக்பூர்ல நட்ட மத்தியானம் நின்னுபோச்சு. ராத்திரி ஓடுது. ஒர்க் ஷாப்புல விட்டா அங்கயும் நல்லா ஓடுது. முதலாளி நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாக. நீதான் சும்மா சும்மா ஓட விட்டு எரிச்சுட்ட, மோட்டாரும் சுவிட்ச்சும் மாத்துற காசைச் சம்பளத்துல பிடிப்பேன்னு சொல்லிட்டாக."

அந்தத் தொகை அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அதைக் காட்டிலும் அவனைச் சுட்டது 'பொய்' என்ற சொல். 9 வருஷமாக ஒரு மூட்டை குறையாமல் கொண்டுவந்து இறக்குகிறவன்.

அவன் அப்பா, என் மச்சான், 1970-களில் லாரி ஓட்டியவர். இப்போது இல்லை. அந்தக் காலத்து லாரி எப்படி வரும் என்று இளைஞர்களுக்குத் தெரியாது. கம்பெனி கொடுப்பது சேசிஸும் இஞ்சினும் முன் முகப்பும்தான். சென்னை எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. டாடா கம்பெனி 1954-ல் ஜெர்மனியின் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அங்கிருந்து வரும் சேசிஸுக்கு நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் மரச்சட்டமும் தகரமும் வைத்து கேபினும் பாடியும் கட்டுவார்கள். முகப்பில் சாமி படம், பக்கவாட்டில் பூ, பின்னால் எழுத்து எல்லாம் உண்டு. ஓட்டுகிறவருக்குக் காற்று மட்டும் கிடையாது.

தட்டை மூஞ்சி லாரிகளில் இஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவரின் இடது கால் பக்கம் இருக்கும். அதன் மேல் ஒரு மூடி. மச்சான் அந்த மூடியின் மேல் சாக்கை நனைத்துப் போடுவார். அரை மணியில் அது காய்ந்துவிடும். முன்னால் ஒரு கித்தான் தண்ணீர்ப் பை தொங்கும். பையின் மேல் கசியும் தண்ணீர் காற்றில் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர வைக்கும். அவர் வண்டியில் இருந்த ஒரே ஏசி அந்தப் பைதான் என்று நான் கேலி செய்வதுண்டு. அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே தோல் நிறம் மாறிக் கறுத்துக் கிடந்தது. "இஞ்சின் போட்ட முத்திரை" என்பார். கடைசி வரை அது மறையவில்லை.

சரி, குளிர் காற்று உலகத்தில் அப்போது இல்லையா என்றால், இருந்தது. வேறு இடங்களில் இருந்தது.

இன்று நாம் ஏசி என்று சொல்வதற்கு மூல புருஷர் வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகத்துக்காக அவர் அந்த இயந்திரத்தை வடிவமைத்தார். யாருக்கு வியர்த்தது என்று கேட்காதீர்கள். மனிதருக்காகச் செய்ததில்லை, காகிதத்துக்காகச் செய்தது. காற்றில் ஈரம் கூடினால் காகிதம் விரியும், குறைந்தால் சுருங்கும். ஒரு படத்தை நான்கு வண்ணமாக நான்கு முறை அச்சடிக்கும்போது காகிதம் விரிந்து சுருங்கினால் வண்ணம் ஒன்றன் மேல் ஒன்று உட்காராது. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தக் குளிரூட்டினார்கள். ஆகவே முதல் ஏசி சுகம் அனுபவித்தது காகிதம்.

அடுத்தது சினிமா பார்க்கிறவர்கள். 1925-ல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் கேரியரின் இயந்திரம் ஓடியது. வெயில் காலத்தில் காலியாகக் கிடந்த கொட்டகைகளுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது.

நம் நாட்டில் ரயில் பயணிகளுக்கு வந்தது 1934-ல். பம்பாயிலிருந்து பெஷாவர் போன ஃபிரான்டியர் மெயிலில் ஒரு பெட்டியைக் குளிரூட்டினார்கள். பெட்டியின் அடியில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, அதன் மேல் போகும் காற்றைக் காற்றாடியால் பெட்டிக்குள் தள்ளுவார்கள். ஐஸ் கரையக் கரைய வழியில் நிறுத்தி மறுபடி நிரப்புவார்கள். வெள்ளைக்காரத் துரைமாரும் பணக்காரர்களும் அதில் போனார்கள். முன்னால் நிலக்கரி அள்ளிப் போட்டவர் நெருப்பின் எதிரில்தான் நின்றார்.

காருக்கு வந்தது 1939-ல். அந்த வருஷம் சிகாகோ கண்காட்சியில் பேக்கார்ட் கம்பெனி ஏசி வைத்த காரைக் காட்டியது. குளிரூட்டும் பெட்டி டிக்கியில் இருந்தது. ஏசியை நிறுத்த வேண்டுமானால் இஞ்சினை அணைத்து, கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! வாங்கியவர்கள் அதிகமில்லை.

சரக்கு லாரிக்கும் குளிர் வந்தது, ஆனால் சரக்குக்கு. 1938-ல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்பவர், லாரியில் ஏற்றிய இறைச்சியும் பழமும் கெடாமல் போய்ச் சேர ஒரு குளிரூட்டும் இயந்திரத்தைச் செய்தார். லாரியின் ஆட்டத்தையும் குலுக்கலையும் தாங்கும் இயந்திரம். ஜோன்ஸ் கறுப்பினத்தவர். சிறு வயதிலேயே ஆதரவற்றுப் போனவர், பள்ளியில் அதிகம் படிக்காமல் தானே கற்றுக்கொண்டவர். அவர் இறந்து முப்பது வருஷம் கழித்து, 1991-ல் அந்நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவர் பெயருக்குக் கிடைத்தது. இன்று நம் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை குளிர்பெட்டி லாரியில் போகிறதென்றால் அதன் பின்னால் அவர் இருக்கிறார். பின்பெட்டியில் பழத்துக்குக் குளிர், முன்பெட்டியில் மனிதனுக்கு வெக்கை. பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

சூடான காற்றின் கதை தனி. குளிர் நாட்டு வண்டிகளுக்கு ஹீட்டர்தான் முதலில் தேவைப்பட்டது. 1938-ல் அமெரிக்காவின் நாஷ் கம்பெனி, வெளிக்காற்றை வடிகட்டி, இஞ்சினின் சுடுதண்ணீரால் சூடாக்கி, காற்றாடி வைத்து உள்ளே தள்ளும் ஏற்பாட்டை விற்றது. அதே கம்பெனி 1954-ல் ஹீட்டரையும் ஏசியையும் ஒன்றாக்கி, டிரைவருக்கு முன்னாலேயே ஒரே அமைப்பாகப் பொருத்தியது. 1954 எங்கள் புதுச்சேரிக்காரர்களால் மறக்க முடியாத வருஷம். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்கள் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. எனக்கு அப்போது மூன்று வயது. கொடி இறங்கினாலும் பிரெஞ்சு மீடியம் பள்ளி இருந்தது; அதில்தான் என்னைச் சேர்த்தார்கள். அந்தப் பள்ளிக்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

நம் நாட்டு லாரிகளில் ஏசி கேபின் 1990-களின் கடைசியில் எட்டிப் பார்த்தது. பெங்களூருக்கு அருகில் ஹோஸ்கோட்டையில் 1998-ல் வோல்வோ கம்பெனி லாரி செய்ய ஆரம்பித்தபோது அதில் ஏசி இருந்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பஸ்களிலும் ஏசி வந்தது. ஆனால் எத்தனையோ ஏசி பஸ்களில் டிரைவருக்கும் பயணிகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாம் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஓட்டுவார்.

2023 ஜூன் மாதம் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி லாரி கேபினில் ஏசி கட்டாயமாக்கும் கோப்பில் கையெழுத்திட்டதாக அறிவித்தார். 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் டிரைவர்கள் ஓட்டுவதைச் சொன்னார். செலவு கூடும் என்று சிலர் எதிர்த்ததையும் சொன்னார். அந்த வருஷம் டிசம்பரில் அரசிதழ் அறிவிப்பு வந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்2, என்3 வகை லாரிகளின் கேபினில் ஏசி இருக்க வேண்டும். என்2 என்றால் மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல் 12 டன் வரை. என்3 என்றால் 12 டன்னுக்கு மேல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காகிதத்துக்கு 1902. லாரி ஓட்டுகிறவருக்குச் சட்டப்படி 2025. நடுவில் 123 வருஷம்.

இது வெறும் சொகுசுச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மருமகனின் முதலாளியும் அப்படித்தான் நினைத்தார். மருமகன் என்னிடம் இன்னொன்றும் சொன்னான். இங்கே இறக்கிய பூண்டில் கொஞ்சத்தை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளாவுக்கும் போவான். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது ஒரு ராத்திரி நல்ல மழை. கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு ஈரம் படிந்து வெள்ளையாகிவிட்டது. காற்றாடி ஓடினால்தானே காற்று கண்ணாடியில் அடித்து அந்த ஈரத்தை விரட்டும்? ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒரு நிமிஷத்தில் கண்ணாடி தெளியும். காற்றாடி நின்றால் இரண்டும் வீண். ஒரு கையில் துணியால் துடைத்துக்கொண்டே வளைவில் திரும்பியிருக்கிறான். எதிரே பஸ் வந்ததும் பயந்து ஓரமாக நிறுத்தி, மழை விடும் வரை நின்றிருக்கிறான். இதைக் கேட்ட பிறகு எனக்கு அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை.

இனி கோளாறைப் பார்ப்போம்.

அவன் வண்டியைக் காட்டிய ஒர்க் ஷாப்பில் முதலில் செய்தது நல்ல காரியம்தான். காற்று உள்ளே போகும் வழியைத் திறந்து பார்த்தார்கள். கைநிறையப் பூண்டுத் தோல்! நம் சந்தையின் சீர்வரிசை. சுத்தம் செய்தார்கள், மோட்டாரின் பிளக்கைக் கழற்றி மாட்டினார்கள். ஓடியது. நான்காம் நாள் மறுபடி நின்றது. இரண்டாம் முறை காலையில் வண்டியை விட்டபோது அவர்கள் சுவிட்சை 1-ல் வைத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே ஓடுது" என்றார்கள். நிச்சயமாக வேண்டுமென்றால் மோட்டாரும் சுவிட்ச்சும் மொத்தமாக மாற்றலாம் என்றார்கள். அதைத்தான் முதலாளி சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னது.

எப்போதும் ஓடாத மெஷினை எல்லோரும் நம்புவார்கள். சில நேரம் ஓடி, சில நேரம் நிற்கும் மெஷினைப் பற்றிச் சொல்கிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். டாக்டரிடம் போனதும் வலி நின்றுவிடும் நோயாளி மாதிரி.

அப்போதுதான் என் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. எங்கள் இயற்பியல் வாத்தியார் மேசை மேல் ஒரு பல்பு எரிய வைத்துக் காட்டுவார். அது மினுக் மினுக் என்று அணைந்து எரிந்தால் "ஃபோ கோன்தாக்த்!" என்பார். பிரெஞ்சில் 'பொய்த் தொடர்பு' என்று அர்த்தம். தொட்டுக்கொண்டிருப்பது போல் தெரியும், உண்மையில் சரியாகத் தொடவில்லை. நம் ஊரில் லூஸ் கான்டாக்ட் என்கிறோம். பொய் சொல்வது மாணவனல்ல, கம்பி என்பார் அவர். மருமகனைப் பார்த்து அதையே சொன்னேன்.

ஒரு 40 பக்க நோட்டை எடுத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். தேதி, மணி, இடம், சுவிட்ச் எந்த நம்பரில், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நின்றது, ரோடு எப்படி, மறுபடி எப்படி ஓடியது. "இதெல்லாம் எதுக்கு மாமா?" என்றான். "ஆபீசில் வாயால் சொன்னால் புகார், எழுதிக் கொடுத்தால் ஆதாரம்" என்றேன். முக்கியமாக ஒன்று கேட்கச் சொன்னேன். நின்றது காற்றா, காற்றாடியா? உர்ரென்ற சத்தம் இருந்து காற்று மட்டும் குறைந்தால் வழியில் அடைப்பு, அல்லது ஏசி காயில் ஐஸ் கட்டியிருக்கும். சத்தமே நின்றால் கரண்ட்டில்தான் கோளாறு.

மூன்று வாரம் கழித்து நோட்டு வந்தது. 19 பதிவு. எல்லாவற்றிலும் சத்தமே நின்றிருக்கிறது. 15 தடவை காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் நடுவில். எல்லாமே சுவிட்ச் 3-லோ 4-லோ இருக்கும்போது. 1-ல் இருக்கும்போது ஒரு தடவைகூட இல்லை. 8 தடவை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் தானாக ஓடியிருக்கிறது.

நோட்டை எடுத்துக்கொண்டு நானும் அவனும் பெரியகுளத்தில் பழைய ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரிடம் போனோம். என் வயது இருக்கும். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

"யார் சார் எழுதச் சொன்னது? பாதி வேலை முடிஞ்சுபோச்சு."

பிறகு விளக்கினார். காற்றாடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. 1, 2, 3-ல் கரண்ட் அதன் வழியாகப் போகும். 4-ல் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும். ரெசிஸ்டர் எரிந்த வண்டியில் 4 மட்டும் ஓடும், மற்றவை ஓடாது. இங்கே நேர்மாறு: 4-ல்தான் நிற்கிறது, 1-ல் நிற்பதில்லை. ஆகவே ரெசிஸ்டர் இல்லை. எல்லா வேகத்துக்கும் பொதுவான பாதையில், அதிகக் கரண்ட் ஓடும்போது மட்டும் கோளாறு. ஃப்யூஸ், ரிலே, பிளக், மோட்டாரின் கார்பன், எர்த், இந்த ஐந்தில் ஒன்று.

மருமகன் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விடப் போனான். பாய் தடுத்தார். "தம்பி, எதையும் கழட்டாத. கழட்டி மாட்டினா முனை ரெண்டும் உரசிச் சுத்தமாயிரும், நோய் ஓடி ஒளிஞ்சுக்கும். நாலு நாள் கழிச்சு மறுபடி வரும்." ஒர்க் ஷாப்பில் சரியானது போல் தோன்றியதன் ரகசியம் அதுதான்!

வெயிலில் வண்டியை நிறுத்தி, சுவிட்சை 4-ல் வைத்து, 20 நிமிஷம் ஓட விட்டார். சத்தம் மெல்ல இறங்கியது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மோட்டாரை மெதுவாகத் தட்டினார். மாற்றமில்லை. கார்பன் தேய்ந்திருந்தால் தட்டினதும் துள்ளி ஓடியிருக்கும் என்றார். பிளக்கைத் தொடாமல் டார்ச் அடித்துப் பார்த்தார். உருகவில்லை, பழுப்பேறவில்லை. பிறகு மீட்டரை எடுத்து ஒரு முனையை மோட்டாரின் எர்த் கம்பியிலும் இன்னொரு முனையைக் கேபினின் தகரத்தில் வெறும் இரும்பு தெரிந்த இடத்திலும் வைத்தார். இரண்டும் ஒரே எர்த். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"இந்தா இருக்கான் திருடன்" என்றார் பாய்.

எர்த் கம்பியின் முனையில் இருந்த வளையத்தை ஒரு போல்ட் கேபினோடு பிடித்திருந்தது. வளையத்துக்கு அடியில் பெயின்ட், அதன் ஓரத்தில் துரு, போல்ட்டும் தளர்ந்திருந்தது. வளையம் கறுத்துப் போயிருந்தது.

இது ஏன் மத்தியானம் மட்டும் நிற்கிறது? இங்கே என் வாத்தியார் மறுபடி வருகிறார். ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் 1827-ல் எழுதிய நூலில், வோல்ட், கரண்ட், தடை மூன்றுக்கும் உள்ள உறவைச் சொன்னார். அவர் நாட்டிலேயே அதை முதலில் மதிக்கவில்லை. 1841-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. அவர் கணக்குப்படி, ஒரு இணைப்பில் அரை ஓம் தடை வந்து, அதில் 10 ஆம்பியர் ஓடினால், 5 வோல்ட் அங்கேயே தொலையும். 50 வாட் சூடு அந்தச் சின்ன போல்ட்டின் அடியில் பிறக்கும். கரண்ட் 3 ஆம்பியராகக் குறைந்தால் சூடு நாலரை வாட்தான். வேகம் கூட்டினால் சூடு பல மடங்கு. வெளியில் வெயிலும் சேர்ந்தால் இணைப்பு விரிந்து விலகும், காற்றாடி நிற்கும். ஆறினால் மறுபடி தொடும். வேகத்தடை குலுக்கினாலும் தொடும். ராத்திரி ஓடியதும், காலையில் ஒர்க் ஷாப்பில் ஓடியதும், நாக்பூர் மத்தியானத்தில் நின்றதும் ஒரே கணக்கு. மருமகன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை.

பாய் பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பித்தார். பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து இரும்பைப் பளபளக்க வைத்தார். புது வளையம், பல் வைத்த வாஷர், இறுக்கிய போல்ட், மேலே கொஞ்சம் வாசலின். மறுபடி 20 நிமிஷம் ஓட விட்டு மீட்டர் வைத்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. கூலி 300 ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் ஒரு பக்கம் அறிக்கை எழுதினேன். பொருள், பார்வை, கண்டறிந்தது, செய்தது என்று ஆபீஸ் முறைப்படி. நோட்டையும் கறுத்த வளையத்தையும் இணைத்து மருமகன் கையில் கொடுத்து முதலாளியிடம் அனுப்பினேன். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லையாம். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, சம்பளத்துல பிடிக்கல" என்றாராம். இரண்டு நாள் கழித்து, தன்னுடைய மற்ற இரண்டு லாரிகளுக்கும் அதே மாதிரிக் கட்டம் போட்ட நோட்டு வேண்டுமென்று ஆள் அனுப்பினார். போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் லாரி, வேன் ஓட்டுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காக நாலு வார்த்தை. விட்டு விட்டு வரும் கோளாறை எழுதி வையுங்கள். கழற்றும் முன் கேளுங்கள், பாருங்கள், அளந்து பாருங்கள். ஃப்யூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். ஃப்யூஸ் பிழைக்கும், கம்பி எரியும். பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் அப்போதே நிறுத்துங்கள். பிளக் உருகியிருந்தால் ஆண் பெண் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். வருஷம் ஒரு முறை எர்த் போல்ட்டுகளை இறுக்கச் சொல்லுங்கள். பூண்டு ஏற்றுகிறவர்கள் காற்று வழியையும் பார்க்க வேண்டும்.

முதலாளிமார் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று. டிரைவர் வந்து "நிக்குது, ஆனா இப்ப ஓடுது" என்றால், அவன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டும் முன் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

அடுத்த நடை போகும் முன் மருமகன் என்னை வண்டியில் ஏற்றி வட்டம் சுற்றிக் காட்டினான். சுவிட்சை 4-ல் வைத்தான். சந்தைப் பக்கம் வெயில் கொளுத்துகிறது, உள்ளே முகத்தில் ஜில்லென்று காற்று. அவன் இடது காலைப் பார்த்தேன். கறுப்பு எதுவும் இல்லை. அவன் அப்பாவைப் பற்றி இருவருமே பேசவில்லை. மெயின் ரோட்டில் இருந்த வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. காற்று நிற்கவில்லை.